திரும்பு என்று சொல்வதற்குள்

"இடப்பக்கம்" என்று கருத்தாளர் சொல்லிவிட்டார். "திரும்பு" என்று இன்னும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார். அதற்குள் அவர் சட்டைக் கழுத்தில் குத்தியிருந்த மைக் கீச்சென்று ஒரு கத்துக் கத்திவிட்டு ஊமையாகிப் போக, அவர் அதைத் தட்டிப் பார்த்து, ஊதிப் பார்த்து, இப்போது பந்தல் ஓரத்து ஸ்பீக்கர்காரரை நோக்கிக் கையாட்டிக்கொண்டிருந்தார். நாலு வரிசையாக நின்ற மாவட்டத்து உடற்கல்வி ஆசிரியர்கள் ஒருவரும் அசையவில்லை. அசையக் கூடாது. ஆணை என்பது இரண்டு துண்டு. முதல் துண்டு எச்சரிக்கை, இரண்டாம் துண்டு செயல். முதல் துண்டைக் கேட்ட உடம்பு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு இரண்டாம் துண்டுக்காகக் காத்திருக்க வேண்டும். பூமி பிளந்தாலும் காத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு விடுவது இலக்கணம். அந்த ஒரு மூச்சு இன்றைக்கு மைக் கோளாறால் நீண்டு, கரிசல் காட்டு ஆடிக் காற்றில் பந்தல் துணியோடு சேர்ந்து படபடத்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் நின்ற ஆவுடையப்பன், பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் பி.டி. சார், ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் பாக்கி இருந்தவர், அந்த நீட்சியைத் தனக்கென்றே அனுப்பப்பட்ட கருணையாக எடுத்துக்கொண்டார். ஏனென்றால் அவருக்கு இடப்பக்கம் எது என்று தெரியாது.

தெரியாது என்றால் குழந்தைக்குத் தெரியாதது போல அல்ல. இருந்து போனது. கோடை விடுமுறையில் ஒரு காலை, ஷூ மாட்ட உட்கார்ந்தவர் கீழே கிடந்த இரண்டு ஷூக்களையும் பார்த்தபடி அப்படியே இருந்துவிட்டார். இரண்டும் ஷூ. இரண்டும் அவருடையவை. எது எந்தக் காலுக்கு என்கிற சேதி மட்டும் வரவில்லை. உலகம்மாள் காப்பியோடு வந்து, ஷூவுக்குப் பாடம் எடுக்கியளா என்று கேட்டாள். மனைவி சிரித்ததால் அவரும் சிரித்து, மாற்றிப் போட்டு, கடித்தபோது கழற்றி மறுபடி போட்டார். சாயங்காலம் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவள் இடது பக்கம் திரும்பச் சொன்னபோது நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் வந்த மினி பஸ் டிரைவர் அவருடைய முன்னோர்களை விசாரித்துவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மூளையில் பொடி அடைப்பு, மிளகு அளவு இடம் செத்துப்போயிருக்கிறது, கை விளங்குகிறது, கால் விளங்குகிறது, வாய் கோணவில்லை, தப்பித்தீர்கள் என்றார். இடது கையைத் தூக்குங்கள் என்று சொல்லும்போதே அந்தக் கையைத் தொட்டும் விட்டார், நல்ல மனுஷர். தொட்ட கையைத் தூக்க யாருக்குத்தான் தெரியாது? அப்படியாக மருத்துவம் அவரைத் தேர்ச்சி பெற்றவராக அனுப்பிவைத்தது. மிளகு அளவு. அந்த மிளகை நினைக்கும்போதெல்லாம் வருத்தத்தை முந்திக்கொண்டு ஆவுடையப்பனுக்குப் பிரமிப்புத்தான் வந்தது. எல்லாத் தெருவையும் எல்லாக் கதவையும் சட்டைப் பித்தானையும் சைக்கிள் பெடலையும் தூங்கப் புரள்வதையும் அந்த மிளகுதானே இரண்டாக வகிர்ந்து வைத்திருந்தது. இத்தனை வருடம் அதைத் தலைக்குள் சுமந்து திரிந்தோம், கனமே தெரியவில்லையே. கனம் தெரியாமல் இருந்ததுதான் அதன் வேலை போல. வீட்டு வாசல் நாய் படுப்பதற்கு முன் ஒரு சுற்றுச் சுற்றுகிறது, எந்தப் பக்கமாகச் சுற்றலாம் என்று ஒரு நாளாவது யோசித்து நின்றிருக்கிறதா? நின்றதில்லை. அந்த நாய்க்கு முன்னால் போய் ஒரு வணக்கம் போடலாம் என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்கிறது.

பள்ளியில் சமாளிக்க முடிந்தது. ஆணை இடுகிறவனுக்கு இடம் வலம் தெரிய வேண்டியதில்லை, கேட்கிறவர்களுக்குத் தெரிந்தால் போதும் என்பது ஜூன் மாதத்தில் அவர் கண்டுபிடித்த உண்மை. லெஃப்ட் டர்ன் என்று கத்தினால் பிள்ளைகள் எங்கேயோ திரும்பும். அதுதான் லெஃப்ட் என்று தலையாட்டிவிட வேண்டியது. அரசாங்கங்களும் இப்படித்தான் நடக்கின்றன என்று ஒரு நினைப்பு வரும். அரசு ஊழியர் ஆகையால் அந்த நினைப்பை அங்கேயே கலைந்து செல் என்று சொல்லிவிடுவார். காலைக் கூட்டத்தில் பயிற்சி செய்து காட்டும் வேலையைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் விட்டாயிற்று. இப்படியே ஓய்வு வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று இருந்தபோதுதான் பணியிடைப் பயிற்சி வந்தது. மாணவர்கள் சேராமல் காலியாகக் கிடந்த ஒரு பொறியியல் கல்லூரியின் மைதானம், எல்லாருக்கும் வெள்ளைப் பனியன், முதுகில் பயிற்சியின் பெயர் வயிறு வரைக்கும் சுற்றி வரும் நீளத்தில். கருத்தாளர் நிவேதன் சென்னையிலிருந்து வந்தவர், முப்பது வயதுக்குள். பாடம் நடத்த வருகிறவரைக் கருத்தாளர் என்று அழைப்பது கல்வித் துறை வழக்கம். உடம்பைப் பற்றிப் பேசவும் கருத்தை ஆள்பவரையே அனுப்புகிறார்களே என்று ஆவுடையப்பன் நேற்று நினைத்துக்கொண்டார். ஆனால் பையன் கெட்டிக்காரன்தான். இன்றைக்கு நீங்கள் ஆசிரியர்கள் இல்லை, மாணவர்கள், ஆணையை வாங்குகிற உடம்பு எப்படி இருக்கும் என்று மறந்திருப்பீர்கள், அதை நினைவுபடுத்துவதுதான் இன்றைய பாடம் என்று சொல்லி, விசில், மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் வைக்கச் சொல்லிவிட்டார். வாட்ச். வாட்ச் கட்டிய கை இடது என்பதுதான் மூன்று மாதமாக ஆவுடையப்பனைக் காப்பாற்றி வந்த வேதம். இப்போது இரண்டு மணிக்கட்டும் வெறும் மணிக்கட்டு. வாட்ச் இருந்த இடத்துத் தோல் வெளுத்திருக்கும், ஆனால் நேர் நில்லில் நிற்பவன் குனிந்து பார்க்கக் கூடாது. இல்லாத வாட்சை எந்தக் கை உணர்கிறது என்று கண்ணை மூடாமல் உள்ளுக்குள் தடவிப் பார்த்தார். இரண்டு கையுமே உணர்ந்தன. இல்லாததை உணர்வதில் இரண்டும் சமம். வரிசையின் எதிரே, பந்தல் நிழலில், மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர் பியூலா மேடம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலை டீ நேரத்தில் அருகே வந்து, மெடிக்கல் லீவு போட்டிருந்தீர்களாமே என்று விசாரித்தவர் அவர். "கிரவுண்டு முடியலைன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க சார். உக்காந்து பாக்குற வேலையா மாத்திரலாம்." அன்பாகத்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போடலாம். அன்புக்கு எதிராக எந்தச் சங்கம் மறியல் செய்யும்? உட்கார்ந்து பார்க்கிற வேலை. மேலே ஃபேன். கையில் நூலக அறைச் சாவி. ஜன்னலுக்கு வெளியே மைதானம், அங்கே வேறு யாரோ ஊதும் விசில், அந்த விசிலுக்கு அவருடைய பிள்ளைகள் ஓடும் சத்தம். ஒரு தப்பான திரும்பல் போதும், அந்த நாற்காலி வந்துவிடும். மேடத்தின் பார்வை வரிசை நெடுகப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

ஆகவே சோற்றுக்குப் போ. வாட்ச் இல்லாத அவசரத்துக்கு அவர் கண்டுபிடித்திருந்த வழி அது. சோத்தாங்கை, பீச்சாங்கை. படித்தவர்கள் இடது வலது என்று நாகரிகமாகச் சொல்லிக்கொள்ளட்டும். ஊரில் கைக்குப் பெயர் வைத்தவன் கை செய்யும் வேலையைப் பார்த்து வைத்தான். பெயர் போனாலும் வேலை போகவில்லை. இலை போட்டாயிற்று. தண்ணீர் தெளித்தாயிற்று. சோறு விழுந்தது, நடுவில் குழி பறித்து ரசம் விட்டார்கள், ஓடுகிறது, இலை விளிம்புக்கு ஓடுகிறது, அணை கட்டு. எந்தக் கை போனது? மைதானத்தை ஒட்டிய ரோட்டுப் பக்கம் இருந்த கையின் விரல்கள் லேசாகத் துடித்தன. அப்படியானால் ரோட்டுப் பக்கம் சோத்தாங்கை. மற்றது, சிகாமணி நிற்கிற பக்கம், பீச்சாங்கை. ரத்தினசிகாமணி அவருடைய உடற்கல்விக் கல்லூரித் தோழர், அறைத் தோழர், இப்போது பக்கத்து ஊர் ஆண்கள் பள்ளியில் அதே வேலை. ஆக, திரும்பு என்றால் சிகாமணியின் பக்கம் திரும்ப வேண்டும். சிகாமணியும் அந்தப் பக்கமே திரும்பியிருப்பார். அவருடைய பிடரி தெரியும், பிடரியில் அப்பிய பவுடர் தெரியும். பிடரி தெரிந்தால் பிழைத்தோம். நல்லது. ஆனால் இடம் என்றால் பீச்சாங்கைதானா? சந்தேகம் ஒன்று குறுக்கே காலை நீட்டியது. கணக்கு வாத்தியார்கள் கடன் வாங்கிக்கொண்டு திருப்பித் தராத பீரியடுகளில் நூலகத்தில் உட்கார்ந்து அகராதி வாசித்த மனிதர் அவர். எது தெரியுமோ இல்லையோ, சொல் தெரியும். வலம். வலம் வருதல். சுவாமி சோத்தாங்கைப் பக்கம் இருக்கச் சுற்றி வருவது. ஆகவே வலம் சோத்தாங்கை. இடம் வருதல் என்று ஒன்று கிடையாது. இடம் என்றால் இடப்பக்கம், இடம் என்றால் இருக்கிற இடம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், என்ன தைரியம். இடம் தெரியாதவனுக்கு இடம் இல்லை என்று இந்தச் சொல்லே தீர்ப்பும் எழுதிவிட்டது. வெள்ளைக்காரன் பட்டாளத்தில் லெஃப்ட் ரைட் புரியாத நம்மூர் ஆட்களுக்கு ஒரு காலில் ஓலையும் மறு காலில் சீலைத் துணியும் கட்டி, ஓலைக்கால் சீலைக்கால் என்று நடக்கவிட்டார்கள் என்று சொல்வார்கள். கல்லூரியில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். சிரிப்பதற்கு என்ன இருந்தது? அந்த ஆட்கள் எத்தனை சந்தோஷமாக நடந்திருப்பார்கள், காலே சொல்லித் தந்திருக்குமே. ஒரு ஓலைக் கீற்றுக் கிடைத்தால் இப்போது ஷூவுக்குள் சொருகிக்கொள்ளலாம். பக்கத்தில் சிகாமணி உதடு அசையாமல் பேசினார். நேர் நில்லில் உதடு அசையாமல் பேசுவது கல்லூரியில் கற்ற ஒரே கலை. "ஏல ஆவுடை, இவன் திரும்புன்னு சொல்லுததுக்குள்ள நமக்குப் பென்ஷன் வந்துரும்." வரிசையில் இரண்டு மூன்று தொப்பைகள் சிரிப்பில் குலுங்கி அடங்கின. ஆவுடையப்பனும் சிரித்தார், சிரித்ததில் இலை கலைந்துவிட்டது. சோறு எங்கே? ரசம் எங்கே? ரோட்டுப் பக்கமா, சிகாமணி பக்கமா? முதலிலிருந்து வா. இலை போடு.

இலை போட்டவர் இலைக்கு அப்பால் தன் பள்ளி மைதானத்தைப் பார்த்துவிட்டார். கோ-கோ ஆடுகளம், சுண்ணாம்புக் கோடு, வரிசையாகக் குந்தியிருக்கும் பிள்ளைகள், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து, மறுபடி இந்தப் பக்கம். முதுகுக்குப் பின்னால் கோ என்று ஒரு குரல், முதுகில் ஒரு தட்டு, அவ்வளவுதான், எழுந்து ஓடிவிடுகிறாள். எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை. ஓடிக்கொண்டிருப்பவளின் நிழலையா பார்த்தாள், மூச்சையா கேட்டாள், மண்ணின் அதிர்வா? கேட்டால் தெரியாது சார் என்பாள். எத்தனையோ வருடம் அதைப் பார்த்துக்கொண்டு, இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று விசில் ஊதியிருக்கிறோமே, ஒரு முறையாவது விசிலை எடுத்துவிட்டு வாயைப் பிளந்து பார்த்திருக்கிறோமா? கடலைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லாம் வாய் பிளக்கிறார்கள். குந்தியிருக்கிற ஒரு பெண்பிள்ளை எழுந்து ஓடுவது கடலுக்கு என்ன குறைச்சல்? கண்ணுக்குக் கீழே, ஷூ நுனிக்கு முன்னால், எறும்புகள் ஒரு கடலைத் தோலை இழுத்துக்கொண்டு போயின, எதிரே ஒரு கல் வந்தது, விலகின. விலகின என்று எத்தனை சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எந்தப் பக்கம் விலகின? அவருக்குச் சொல்லத் தெரியாது; எறும்புக்குத் தெரிந்திருக்கிறது. இந்த நாலு வரிசையிலும் அந்த மிளகு பத்திரமாக இருக்கிறது. மூட்டு தேய்ந்தவர்கள், சர்க்கரைக்காரர்கள், தொப்பையை உள்ளிழுத்து நிற்கத் திணறுபவர்கள், ஒவ்வொரு தலைக்குள்ளும் ஒன்று. இடப்பக்கம் என்ற ஒரு சொல் விழுந்ததும் அத்தனை உடம்பும் ஒரு பக்கமாகச் சாயத் தயாராகிவிட்டது, வெளியே ஒரு மயிர் அசையவில்லை. அந்த நிசப்தத்தின் கனத்தை அவர் தோளில் உணர்ந்தார். ஆணை இட்டுக்கொண்டு எதிரே நின்ற காலத்தில் இது தெரியவில்லை. உள்ளே நின்றால்தான் தெரிகிறது. இதை விட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே போய் உட்காருவதா? மாட்டேன். இலை, சோறு, குழி, ரசம். துடித்தது. ரோட்டுப் பக்கம். அப்படியானால் சிகாமணி பக்கம். சிகாமணி பக்கம், சிகாமணி பக்கம், என்று பரீட்சைக்குப் போகும் பிள்ளை சூத்திரத்தைச் சொல்லிக்கொண்டே போவதுபோல அதைப் பற்றிக்கொண்டார். ஸ்பீக்கர் ஒரு முறை இருமியது. நிவேதன் நிமிர்ந்தார். "திரும்பு."

குதிகாலில் சுழன்று, மறுகாலை இழுத்துத் தட்டி நின்றார் ஆவுடையப்பன். அவருக்கு முன்னால் பிடரி இல்லை. முகம் இருந்தது. சிகாமணியின் முகம், ஒரு கை தூரத்தில், பவுடர் வேர்வையில் கரைந்து, நேராக இவரைப் பார்த்தபடி. அதற்குப் பின்னால் இன்னொரு முகம், அதன் தோளுக்கு மேல் இன்னொன்று, வரிசைக் கடைசி வரைக்கும் முகங்கள், எல்லாம் இவரை நோக்கி. இவருக்குப் பின்னால் இருந்தவர்கள் முதுகைக் காட்டி நின்றிருக்க வேண்டும். ஒரு வரிசையே ஒரு பக்கம், ஆவுடையப்பன் ஒரு பக்கம். முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பில் ஆச்சரியமாக ஒரு நிம்மதிகூட இருந்தது. ரசம் காலை வாரிவிட்டது, சோறு துரோகம் செய்துவிட்டது, நூலகச் சாவி எங்கே என்று கேட்டுக்கொண்டு போய் உட்கார வேண்டியதுதான். ஸ்பீக்கரில் நிவேதனின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவர், சார், நான் இடப்பக்கம்னுதானே சொன்னேன் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கடைசி வரிசையிலிருந்து, போன வருடம் பணியில் சேர்ந்த இளவட்டங்களிடமிருந்து, சிரிப்பு வெடித்தது. பந்தல் நிழலில் பியூலா மேடம் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து அவர் நிவேதனிடம் விளக்கியது மைக்கில் விழுந்து எல்லாருக்கும் கேட்டது. "அவங்க வேலையில பாதி நாள் பிள்ளைங்களுக்கு எதிர்த்தாப்புல நின்னுல்ல சார் கழிச்சிருக்காங்க. வாய் இடதுன்னு சொல்லும், இவங்க வலக்கையைத் தூக்குவாங்க. அப்பத்தான் கண்ணாடியில பாக்குற மாதிரி பிள்ளைங்க சரியாச் செய்யும். இவங்களுக்கு இடதுன்னா பிள்ளைங்களோட இடது. சொந்த இடதை எப்பவோ குடுத்தாச்சு."

மூன்று வரிசைப் பழைய ஆட்களும் சரியாக, ஒரே சத்தமாக, தப்பாகத் திரும்பியிருந்தார்கள். யோசித்திருந்தால் ஒருவராவது சரியாகத் திரும்பியிருப்பார். யோசிக்கவில்லை, அதுதான் விஷயம். ஆவுடையப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை உடம்பும் தன் ஒரு பக்கத்தை எடுத்து எதிரே நின்ற பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, கொடுத்ததே தெரியாமல் இருந்திருக்கிறது. அந்த மிளகு இருக்கிறதே என்று பொறாமைப்பட்டதெல்லாம், அது இப்படித் திருப்பி வைக்கப்பட்ட மிளகு என்று தெரியாமல் பட்ட பொறாமை. தன் தலைக்குள் போனதும் இதுவாகத்தான் இருந்திருக்கும், பிள்ளைகளுடையது. முன்வரிசையில் ஆவுடையப்பன் சார் ஒருத்தர்தான் சரி, எல்லாரும் கை தட்டுங்க என்று மேடம் சொல்வது கேட்டது. கை தட்டினார்கள். சிகாமணி தட்டவில்லை. எதிரே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கை தட்டும் சத்தத்துக்கு அடியில், உதடு அசையாமல் கேட்டார்.

"நீ எப்படில சரியாத் திரும்புன?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பயிற்சிக்காகப் படித்துவிட்டு வந்தேன் என்றோ, நான் உங்களைப் போல மடையன் இல்லை என்றோ. ஆனால் ஒரு கை தூரத்தில் இருக்கிற முகத்துக்குப் பொய் சொல்ல ஆவுடையப்பனுக்கு உதடு அசைய வேண்டியிருந்தது. "சோத்தாங்கையை நினைச்சேன்" என்றார். சிகாமணியின் கண்ணில் சிரிப்பு வந்து, பாதியில் நின்று, திரும்பிப் போனது. கல்லூரியில் அணிவகுப்புத் தலைவனாக ஆளுநருக்கு முன்னால் நடந்தவன், சோத்தாங்கையை நினைக்க வேண்டி வந்தது எதனால் என்று அந்த முகம் ஒவ்வொரு படியாக இறங்கிப் போய்ப் பார்த்தது. "எப்பலேர்ந்து?" "கோடை லீவுலேர்ந்து." "வீட்ல?" "முழுசாத் தெரியாது." எல்லாரும் என்னைப் பாருங்க என்று நிவேதன் கூப்பிட, வரிசை கலகலத்துக்கொண்டு முன்பக்கம் திரும்பி மறுபடி விறைத்தது. இந்த முறை உங்க இடது, உங்களோட சொந்த இடது என்று அவர் அழுத்திச் சொன்னார். அதுவும் சிரிப்பானது. ஆவுடையப்பன் இலையைத் தேடினார். இலைக்குப் பதிலாகச் சிகாமணியின் முகம்தான் வந்தது, படி இறங்கிப் போன அந்தக் கண். நகர மாட்டேன் என்றது. மைக் இப்போது நன்றாக வேலை செய்தது. "இடப்பக்கம்" ஒரு மூச்சு, இலக்கணப்படி ஒரே மூச்சு, "திரும்பு." சோறும் இல்லை, ரசமும் இல்லை, உடம்பு எங்கேயோ சுழன்றது. முன்னால், ரோட்டுப் பக்கம் அடுத்து நின்ற கயத்தாறுக்காரரின் முகம், அதற்குப் பின்னால் வரிசையாக முகங்கள். எல்லாரும் இந்த முறை உஷாராக, சரியாகத் திரும்பியிருந்தார்கள். ஆவுடையப்பன் மட்டும் தப்பு. இந்த முறை ஐயமே இல்லை. அத்தனை குதிகாலும் ஒன்றாகத் தட்டி அடங்கிய பிறகு, அவருக்குப் பின்னாலிருந்து, ஒரே ஒரு குதிகால் தனியாக, தாமதமாகத் தட்டியது. அப்படித் தாமதித்துத் தட்டுவது தங்கள் தொழிலில் எவ்வளவு பெரிய குற்றம் என்று அவருக்குத் தெரியும். முப்பது வருடமாக அப்படி ஒரு தட்டைச் சிகாமணியிடமிருந்து யாரும் கேட்டதில்லை. இவர் எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்த பிறகு தட்டிய தட்டு அது. பிடரியில் சூடாக ஒரு மூச்சு விழுந்தது. மைதானம் மறுபடி சிரித்தது. ஆவுடையப்பன் சாரும் வழிக்கு வந்துட்டாரா, சிகாமணி சார், உங்க ரெண்டு பேரையும் திருத்தவே முடியாது என்று பியூலா மேடம் சிரிப்போடு சொல்லிவிட்டு, டீ வந்துவிட்டதா என்று பந்தல் பக்கம் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"சிரிக்கட்டும் மாப்ள" என்றார் சிகாமணி பின்னாலிருந்து. "ஒருத்தன் தப்பாத் திரும்புனாத்தான் வியாதி. ரெண்டு பேர் திரும்புனா அது பழக்கம்."